கல் உடைந்தது, சரி... வெளியே வந்ததா?

1980 பிப்ரவரியில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் கிறிஸ்டியன் சௌசியும் அவருடைய குழுவினரும் ஒரு நோயாளியைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, கத்தியே வைக்காமல், வெளியிலிருந்து அனுப்பிய அதிர்வலையாலேயே (ஒலி போலப் பரவும் பலமான அழுத்த அலை) அவருடைய சிறுநீரகக் கல்லை உடைத்தார்கள். கருவியைச் செய்தது டோர்னியர் என்ற விமானக் கம்பெனி. ஒலியை மிஞ்சிய வேகத்தில் பறக்கும் விமானத்தின்மேல் மழைத்துளி மோதினால் என்ன ஆகும் என்று பார்க்கப் போனவர்கள், கடைசியில் கிட்னி கல்லில் வந்து நின்றார்கள்.

தண்ணீர்த் தொட்டி எதற்கு? கிணற்றில் முங்கிக் குளித்தவர்களுக்குத் தெரியும். மேலே நிற்பவர் தொண்டை கிழியக் கத்தினாலும் உள்ளே சரியாகக் கேட்காது. தண்ணீருக்குள்ளேயே இரண்டு கல்லைத் தட்டினால் காதருகே தட்டியது போல இருக்கும். காற்றும் நீரும் சந்திக்கும் இடத்தில் ஒலி ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடுகிறது. நம் தசையோ அதிர்வலைக்குத் தண்ணீர் மாதிரிதான். அதனால் அலை அதிகம் சிதறாமல் உள்ளே போய்க் கல்லில் குவிகிறது. கல்லை வெளியிலிருந்து நெரிக்கிறது. உள்ளே புகுந்த அலை பின்பக்கத்தில் பட்டுத் திரும்பும்போது கல்லை இழுத்துப் பிளக்கிறது. சுற்றியுள்ள சிறுநீரில் நுண்குமிழிகள் தோன்றி வெடித்து மேற்பரப்பை அரிக்கின்றன.

இப்போது தொட்டி இல்லை. நீர் நிரப்பிய ரப்பர் மெத்தையை முதுகோடு சேர்த்து வைத்து, நடுவே ஜெல் தடவுகிறார்கள். இங்கேதான் பலரும் பொருட்படுத்தாத ஒரு சங்கதி இருக்கிறது. ஜெல்லைப் பாட்டிலிலிருந்து கோலம் போடுவது போல வளைத்து வளைத்துப் பிதுக்கினால் இடையிடையே காற்று மாட்டிக்கொள்ளும். அந்தக் குமிழி ஒவ்வொன்றும் அலைக்குக் குறுக்கே ஒரு சுவர். மொத்தமாக ஒரு குவியலாக வைத்து அழுத்திப் பரவவிட்டால் குமிழி குறைகிறது என்று சோதனைச்சாலையில் பார்த்திருக்கிறார்கள். கோடிக்கணக்கில் விலை போகும் இயந்திரத்தின் பலன், ஒரு கை ஜெல்லை எப்படி வைக்கிறோம் என்பதிலும் தொங்குகிறது!

அடுத்தது வேகம். நிமிடத்துக்கு 120 அதிர்வு கொடுத்தால் 3000 அதிர்வை 25 நிமிடத்தில் முடித்துவிடலாம். 60 என்றால் 50 நிமிடம். ஆனால் மெதுவாக அடித்தால்தான் கல் நன்றாக உடைகிறது. முந்தைய அதிர்வு விட்டுச்சென்ற குமிழிகள் அடங்குவதற்குள் அடுத்தது வந்தால், அதன் சக்தியை அந்தக் குமிழிகளே தின்றுவிடும். குறைந்த சக்தியில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவது சிறுநீரகத்துக்கும் நல்லது.

கல்லின் குணமும் உண்டு. யூரிக் அமிலக் கல் பொதுவாக எளிதில் நொறுங்கும். சிஸ்டைன் கல் லேசில் மசியாது. சி.டி. ஸ்கேனில் கல்லின் அடர்த்தி ஹவுன்ஸ்ஃபீல்டு அளவில் 1000-ஐத் தாண்டினால் மருத்துவர் யோசிப்பார். தோலிலிருந்து கல்வரை 10 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலும் கஷ்டம். பருமனானவர்களுக்குப் பலன் குறைவதற்கு இதுதான் காரணம். கல் 2 சென்டிமீட்டருக்கு மேல் போனால் பொதுவாக வேறு வழியைத்தான் பார்ப்பார்கள்.

சரி, உடைந்துவிட்டது. தூள் வெளியே வர வேண்டுமே? சிறுநீரகத்தின் கீழ் அறையில் இருந்த கல் என்றால், தூள் முதலில் மேலே ஏறித்தான் வாசலுக்கு வர வேண்டும். அந்த அறையின் கழுத்து குறுகலாகவோ நீளமாகவோ இருந்தால், வளைவும் செங்குத்தாக இருந்தால், கல் அழகாக உடைந்தும் அங்கேயே படிந்து கிடக்கும். ஒரே அளவுக் கல்லுக்கு ஒருவருக்கு ஒரே தடவையில் முடிவதும் இன்னொருவர் மறுபடி வந்து படுப்பதும் பல நேரம் இதனால்தான். சிலருக்குத் துண்டுகள் சிறுநீர்க் குழாயில் வரிசையாக அடைத்துக்கொள்வதும் உண்டு. ஜெர்மானியர்கள் அதற்கு 'கல் தெரு' என்ற பொருளில் பெயரே வைத்திருக்கிறார்கள். சிகிச்சைக்குப் பிறகு காய்ச்சலோ தாங்க முடியாத வலியோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்வது அதனால்தான்.

வீட்டுக்குப் போனதும் சிறுநீரை வடிகட்டிப் பார்க்கச் சொல்வார்கள். வடிகட்டியில் தங்கும் அந்த நொய் போன்ற துணுக்குகளைப் பரிசோதனைக்குக் கொடுத்தால், அது எந்த வகைக் கல் என்பது அப்போதுதான் உறுதியாகத் தெரியும். உடைக்கும் முன் ஸ்கேனை வைத்துச் செய்தது கணிப்புதான்.