முதலில் படம் போடுங்கள், அப்புறம் கால்குலேட்டரை எடுங்கள்

வேலைக்கு வரும் புது மெக்கானிக்கல் பிள்ளைகளிடம் பல வருடங்களாக ஒரே கணக்கைத்தான் கேட்கிறேன். ஒரு டன் எடையைத் தொங்கவிட ஸ்டீல் கம்பி வேண்டும், அனுமதிக்கும் ஸ்ட்ரெஸ் 100 மெகாபாஸ்கல், அதாவது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 100 நியூட்டன் விசை, விட்டம் எவ்வளவு? ஒரு டன்னை 10,000 நியூட்டன் என்று வைத்து 100-ஆல் வகுத்தால் பரப்பு 100 சதுர மில்லிமீட்டர், விட்டம் 11.3 வரும், சரி, 12 மில்லிமீட்டர் கம்பி எடுத்துக்கொள்ளலாம். ஒரு பையன் 0.36 மில்லிமீட்டர் என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டு நீட்டினான். 10,000 நியூட்டன் என்றால் 10 கிலோநியூட்டன், அதில் இருந்த 'கிலோ' நடுவில் எங்கோ விழுந்துவிட்டது. நல்ல மார்க் வாங்கிய பையன். தப்பு எல்லோருக்கும் வரும், எனக்கும் வரும். ஆனால் தையல் நூல் மாதிரி ஒரு கம்பியில் ஒரு டன் தொங்குமா என்று அவனுக்குக் கொஞ்சம்கூட உறுத்தவில்லையே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இந்த உறுத்தலைப் படிக்கும் காலத்திலேயே வளர்த்துக்கொள்ள வேண்டும். சாஃப்ட்வேர் கற்றுக்கொள்ளுங்கள், சர்டிஃபிகேட் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தப்பான எண்ணைக் கொடுத்தாலும் சாஃப்ட்வேர் கூச்சமே இல்லாமல் விடை தந்துவிடும். 1999-ல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாய்க்குப் பக்கத்தில் போய்த் தொலைந்ததே, ஒரு குழு பவுண்டு கணக்கில் கொடுத்த விசை எண்களை இன்னொரு குழு நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டதால்தான்.

அப்புறம் ஃப்ரீ பாடி டயகிராம், அதாவது ஒரு பாகத்தை மட்டும் தனியாக வரைந்து, அதன் மேல் விழும் விசைகளை அம்புக்குறியால் காட்டும் படம். பரீட்சை முடிந்ததும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். 1981-ல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஒரு ஹோட்டல் கூடத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்த இரண்டு நடைபாலங்கள் இடிந்து 114 பேர் இறந்தார்கள். கூரையிலிருந்து இறங்கும் நீளக் கம்பிகளில் இரண்டு பாலமும் தொங்குவதாகத்தான் முதல் வரைபடம். அவ்வளவு நீளத்துக்கு மரை போடுவது சிரமம் என்று ஒவ்வொரு கம்பியையும் இரண்டாக்கி, கீழ்ப்பாலத்தை மேல்பாலத்திலிருந்து தொங்கவிட்டார்கள். கயிற்றை இருவரும் தனித்தனியாகப் பிடித்துத் தொங்குவது ஒன்று, ஒருவர் கயிற்றைப் பிடிக்க மற்றவர் அவர் காலைப் பிடித்துத் தொங்குவது வேறு. மேல்பாலத்து நட்டின் மேல் சுமை இரட்டிப்பானது. அந்த நட்டையும் அது தாங்கும் உத்திரத்தையும் மட்டும் தனியாக வரைந்து அம்புக்குறி போட இரண்டு நிமிடம் போதும்.

தினமும் கைக்குக் கிடைக்கும் எதையாவது எடுங்கள், எத்தனை மில்லிமீட்டர் இருக்கும் என்று முதலில் ஊகித்து எழுதிவிட்டு, அதற்குப் பிறகு வெர்னியர் காலிப்பரை வையுங்கள். ஆரம்பத்தில் பாதிக்குப் பாதி தப்பும், பரவாயில்லை, கண் மெல்லப் பழகிவிடும். கெட்டுப்போன பம்பு ஏதாவது கிடைத்தால் கழற்றி, அந்த வாஷர் ஏன் அங்கே இருக்கிறது என்று யோசியுங்கள்.

போன முறை வந்த ஒரு பெண் கம்பியையும் எடையையும் வரைந்து அம்புக்குறி போட்டுவிட்டு, கால்குலேட்டரைத் தொடாமலே, "சார், எடை சும்மா தொங்குமா, இல்லை வெடுக்கென்று தூக்குவீர்களா?" என்று கேட்டாள். திடீரென்று சுமை ஏறினால் கம்பியில் விழும் விசை இரண்டு மடங்காகக்கூட ஆகிவிடும். அவள் கணக்கை முடிக்கும் முன்பே பெயருக்கு நேரே டிக் போட்டுவிட்டேன்.