ஜீரோ டில்லேஜ்: உழா விதைப்பு

தமிழில் ஏர் ஓட்டுவதும் உழவுதான், வேளாண்மை முழுவதும் உழவுதான். அதனால் நிலத்தை உழாமலேயே விதைக்கும் 'ஜீரோ டில்லேஜ்' முறை வந்தபோது பெயர் வைப்பதில் தடுமாற்றம் இருந்தது. பூஜ்ய உழவு, சுழிய உழவு, உழவில்லா வேளாண்மை என்று பலவாறு எழுதுகிறார்கள்.

'டில்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான பழைய ஆங்கில 'டிலியன்', முதலில் முயலுதல், பாடுபடுதல் என்றே பொருள்பட்டது. நிலத்தைக் கிளறுவது பிறகு சேர்ந்த பொருள். தமிழிலும் உழத்தல் என்றால் பாடுபடுதல். 'உழந்தும் உழவே தலை' என்ற குறளில் இரண்டு சொற்களும் அடுத்தடுத்து நிற்கின்றன.

உழவைக் கிராமத்தில் எண்ணியும் சொல்வார்கள்: "மூணு உழவு ஓட்டியாச்சு." அந்தக் கணக்கில் 'பூஜ்ய உழவு' புரியும். ஆனால் எதைச் செய்யவில்லை என்பதை மட்டும் அது சொல்கிறது, செய்வதைச் சொல்லவில்லை. பிரேசிலில் இதே முறைக்குப் 'பிளாந்தியோ திரெத்தோ', அதாவது நேரடி நடவு, என்று செயலை வைத்துப் பெயரிட்டார்கள். வாடா மலர், ஓயா அலை போல 'உழா விதைப்பு' என்பதே தமிழுக்குப் பொருந்தும்.

இதையும் உள்ளடக்கிய பெரிய சொல் 'கன்சர்வேஷன் டில்லேஜ்'. தமிழில் மண்காப்பு உழவு. 1930களில் அமெரிக்கச் சமவெளிகளில், உழுது வெறுமையாகக் கிடந்த மேல்மண் வறட்சியில் புழுதிப் புயலாகப் பறந்துபோனது. 1935இல் அங்கே மண்காப்புக்கென்றே ஓர் அரசுத் துறை ஏற்பட்டது. விதைத்து முடித்த பிறகும் நிலப்பரப்பில் குறைந்தது 30 சதவீதம் பயிர்க்கழிவால் மூடியிருந்தால்தான் மண்காப்பு உழவு என்று அந்நாட்டில் வரையறுத்தார்கள். குறையுழவு, விதை விழும் வரிசையை மட்டும் கிளறும் பட்டை உழவு, மூடாக்கு உழவு ஆகியவையும் இதில் சேரும்.

இந்த 30 சதவீதம்தான் சொல்லின் உயிர். மழைத்துளி வெறும் மண்ணில் மோதினால் மண்கட்டி உடைந்து, நுண்துகள் துளைகளை அடைத்து, மேலே ஏடுபோல் இறுகிவிடும். பிறகு நீர் இறங்காது, மண்ணை இழுத்துக்கொண்டு ஓடும். வைக்கோலை எல்லாம் கட்டி விற்றுவிட்டு உழாமல் விதைத்தால் மண் காக்கப்படாது, இறுகத்தான் செய்யும். மண்ணை மூடும் இந்தக் கழிவை, அதாவது மூடாக்கை அளக்க, ஒரே இடைவெளியில் 100 முடிச்சுப் போட்ட கயிறு போதும். பயிர் வரிசைக்கு மூலைவாட்டாக 45 பாகைக் கோணத்தில் இழுத்துக் கட்டி, எத்தனை முடிச்சுக்கு நேர் கீழே தாளோ சருகோ கிடக்கிறது என்று எண்ணுங்கள். அந்த எண்ணே சதவீதம். மூன்று நான்கு இடங்களில் எடுத்துச் சராசரி பாருங்கள்.

விவசாயிகள் இதற்கு மாறுவது பெரும்பாலும் மண்ணரிப்பை நினைத்து அல்ல, நாளையும் டீசலையும் கணக்குப் பார்த்துத்தான். அரியானா, பஞ்சாபில் நெல் அறுத்ததும் கோதுமை போட வேண்டும். நவம்பர் பிற்பகுதி தாண்டினால், தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளுக்கும் விளைச்சல் ஏறத்தாழ 1 சதவீதம் குறையும். பல சால் உழவை விட்டுவிட்டு, நெல் தாளுக்குள்ளேயே விதைக்கும் கருவியை ஒருமுறை ஓட்டினால் அந்த நாட்கள் மிஞ்சுகின்றன.

காவிரி டெல்டாவில் இதற்குக் கருவியே தேவைப்படவில்லை. அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பு, நிற்கும் நெற்பயிருக்குள் உளுந்தை விசிறுகிறார்கள். ஏடுகளில் இது 'நெல் தரிசில் உளுந்து'. வயலில் இதற்குப் பெயர் 'உளுந்து தெளிக்கிறது'. பயிர் நிற்கும் நிலத்தைத் தரிசு என்பது பொருந்தாது, 'தெளிப்பு' என்ற சொல்லே துல்லியம். தை மாதமே பருவம். மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும்: நீர் தேங்கினால் விதை அழுகும், காய்ந்தால் முளைக்காது. ஆடுதுறை 3 போன்ற ரகம், ஏக்கருக்கு 10 கிலோ. இயந்திர அறுவடை என்றால் சக்கரத்தடத்தில் நசுங்குவதை ஈடுகட்ட 12 கிலோ. டயர் வைத்த அறுவடை வண்டியைவிடச் செயின் வண்டி சேதத்தைக் குறைக்கும். அடியுரம் இட வழியில்லாததால், ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி. உரத்தை முதல் நாள் இரவே ஊறவைத்து, தெளிந்த நீரை 200 லிட்டராக்கி, பூக்கும்போது ஒருமுறையும் 15 நாள் கழித்து ஒருமுறையும் தெளிக்க வேண்டும். முழுப் பயிரும் விளைவது எஞ்சிய ஈரத்திலும் பனியிலும்தான். உழுதால் அந்த ஈரம் சீக்கிரம் போய்விடும்.

கருவியால் விதைக்கும்போது அடிக்கடி நேரும் பிழை ஒன்று உண்டு. வைக்கோல் நமுத்திருக்கும் காலையில் ஓட்டினால், கருவியின் வெட்டு வட்டு அதை வெட்டாமல் மடித்துச் சாலுக்குள் திணிக்கும். விதை மண்ணைத் தொடாமல் வைக்கோல் மேல் கிடந்து காயும். பனி உலர்ந்த பிறகு, கூரான வட்டோடு ஓட்டுவதே வழி. தாள் மட்கும்போது நுண்ணுயிர்கள் தழைச்சத்தை இழுத்துக்கொள்வதால் இளம்பயிர் மஞ்சளாவதும் உண்டு. அதற்குத் தழைச்சத்தில் ஒரு பகுதியை விதைக்கும்போதே வரிசைக்கு அருகில் கொடுத்துவிட வேண்டும். களைதான் பெரிய சோதனை. ஏர் செய்த களையெடுப்பை இனி மூடாக்கும் பயிர்ச்சுழற்சியும் செய்ய வேண்டும். அவை இரண்டும் இல்லாத வயலில் ஆண்டுதோறும் களைக்கொல்லிச் செலவுதான் ஏறும்.

புன்செய் நிலத்தில் தொடங்குமுன் அடிமண்ணைப் பாருங்கள். பல ஆண்டு ரோட்டவேட்டர் ஓடிய நிலமென்றால், ஈரமாக இருக்கும்போது இரும்புக் கம்பியைக் குத்தினால் 15, 20 சென்டிமீட்டரிலேயே தட்டி நிற்கும். உழாமல் விடுவதால் மட்டும் அந்த இறுக்கம் சீக்கிரம் உடையாது. கோடையில் மண் காய்ந்திருக்கும்போது உளிக்கலப்பையை அரை மீட்டர் இடைவெளியில் 40 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒருமுறை ஓட்டிவிட்டு, அதன்பின் ஏரை நிறுத்துங்கள்.