ஃபேண்டேசியான்னா மாயாஜாலம் இல்லைங்க

மேற்கத்திய சாஸ்திரிய இசைக்கு கார்ட்டூன் வரைஞ்சு 1940ல டிஸ்னி கொண்டுவந்த ஃபேண்டேசியா படத்தைப் பத்தி தமிழ்ல யார் எழுதினாலும் "ஃபேண்டேசியா, அதாவது மாயாஜாலம்"னு ஆரம்பிச்சுடறாங்க. நேத்து ஒருத்தர் ஒரு படி மேல போய் "மாயாலோகம்"னே எழுதியிருந்தார். எத்தனை தடவைதான் பார்த்துட்டு சும்மா போறது?

சொல்லோட கதை சின்னதுதான். கிரேக்கத்துல மனசுல எழற தோற்றம்னு அர்த்தம், லத்தீன் வழியா இத்தாலிக்குப் போச்சு, 16ம் நூற்றாண்டுலேர்ந்து அது ஒரு இசை வடிவத்தோட பேர். இன்ன கட்டுக்கோப்புலதான் போகணும்னு இல்லாம, மனசு போற போக்குல எழுதற உருப்படி. பாக் எழுதியிருக்கார், மொசார்ட் எழுதியிருக்கார்.

இதைச் சொன்னா உடனே ஒரு பதில் வருது. பேய்க்குச் சொல்ற ஃபேன்டம்ங்கற வார்த்தையும் இதே வேர்தானே, அப்ப மாயத்தோற்றம்னு சொன்னா என்ன தப்புன்னு. வேரை மட்டும் வச்சு அர்த்தம் சொல்றதா இருந்தா குறள்ல "நாறா மலர்"னா மணமில்லாத பூ, அதுக்காக இன்னிக்கு ஒருத்தர்கிட்ட போய் உங்க மேல நல்லா நாறுதுன்னு சொல்லிப் பாருங்க. மூன்லைட் சொனாட்டான்னு ஊரே சொல்ற பியானோ உருப்படிக்கு பீத்தோவன் வச்ச பேரு "ஃபேண்டேசியா மாதிரி ஒரு சொனாட்டா". இவங்க கணக்குப்படி அது மாயாஜாலம் மாதிரி ஒரு சொனாட்டா, அதாவது பீத்தோவன் தொப்பிக்குள்ளேர்ந்து முயலை எடுத்திருக்கார் போல.

எனக்குத் தெரிஞ்சு எல்லாம் போஸ்டர் பார்த்து வந்த வினை. மிக்கி மவுஸ் மந்திரவாதி தொப்பி போட்டுக்கிட்டு நிக்குதுல்ல, அது படத்துல இருக்கற எட்டு உருப்படில ஒண்ணே ஒண்ணு, பத்து நிமிஷத்துக்குள்ள முடிஞ்சுடும். ஸ்ட்ராவின்ஸ்கி இசைக்கு பூமி உருவானதும் டைனோசார் அழிஞ்சதும் வருது, அதுல என்ன மாயாஜாலம் இருக்கு? பாக் உருப்படிக்கு கதையே கிடையாது, வெறும் கோடும் நிறமும் வடிவமும்தான். படம் எடுக்கறப்ப அதுக்கு வச்சிருந்த தற்காலிகப் பேரே கச்சேரிப் படம்ங்கற மாதிரிதான், அப்புறம்தான் இசைலேர்ந்து இந்தப் பேரை எடுத்தாங்க.

அப்ப தமிழ்ல என்ன சொல்றது? கர்நாடக சங்கீதத்துல வர மனோதர்மம்னு சிலர் சொல்றாங்க, கிட்ட வருது, ஆனா மனோதர்மம் மேடையில அந்த நிமிஷம் பிறக்கறது, ஃபேண்டேசியா உட்கார்ந்து எழுதி வச்சது, கேக்கத்தான் அப்பப்ப தோணின மாதிரி இருக்கும். புனைவிசைன்னு சொன்னா சிறுகதைக்கு யாரோ மெட்டு போட்ட மாதிரி இருக்கு. என்னோட ஓட்டு இசைக்கற்பனைக்கு. கற்பனை வடசொல்லாச்சேன்னு சண்டைக்கு வராதீங்க, கற்பனை ஸ்வரம்னு காலங்காலமா பாடகர்கள் வாயில இருக்கற சொல், கேட்டதும் புரியுது, எனக்கு அது போதும். படத்தோட பேரை மட்டும் தொடாம ஃபேண்டேசியான்னே விட்டுடுங்க.

இதே ஆளுங்கதான் அந்தப் படத்துக்கு "பின்னணி இசை பிரமாதம்"னும் எழுதறாங்க. ஸ்டோகோவ்ஸ்கி ஆர்கெஸ்ட்ரா வச்சு நடத்தின இசைக்கு ஏத்த மாதிரி படத்தை வரைஞ்சாங்க ஐயா, அங்க பின்னணில நிக்கறது படம்தான். பாட்டு சீன்னு வந்தாலே இசை பின்னாடிதான் இருக்கும்னு கை தானா டைப் அடிச்சுடுது போல, மொழிபெயர்க்கறவங்க படத்தை ஒரு தடவை பார்த்துட்டு எழுதினாலே பாதி சரியாகிடும்.

ஃபேண்டேசியா 2000னு அடுத்த படமும் இருக்கு, அதுல கெர்ஷ்வின் இசைக்கு 1930கள்ல நியூயார்க்ல வேலையில்லாம அலையற ஆளெல்லாம் வரான். அதுக்கு மாயாஜாலம் 2000னு இன்னும் யாரும் பேர் வைக்கல, நான் பார்த்த வரைக்கும்.