மேன்கோசெப்பைக் கீழே வையுங்கள், முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள்

வெயில் ஏறத் தொடங்கினால் போதும், தாளவாடியிலிருந்தும் ஓசூர், தளிப் பக்கமிருந்தும் அதே படம் வந்துவிடுகிறது. நாற்பது, ஐம்பது நாள் உருளைக்கிழங்குச் செடி. இலை ஓரமெல்லாம் பழுப்பாகக் காய்ந்து மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். கூடவே, "சார், கருகல் நோய்க்கு மூணு தடவை மருந்து அடிச்சாச்சு, நிக்கவே மாட்டேங்குது. இன்னும் வீரியமா ஏதாவது சொல்லுங்க" என்று ஒரு கேள்வி.

அந்தப் படத்தில் இருப்பது கருகல் நோயே இல்லை. பூஞ்சாணம் இல்லாத செடிக்குப் பூஞ்சாணக்கொல்லியை மூன்று முறை அடித்தால் என்ன நிற்கும்? பச்சைத் தத்துப்பூச்சி சாற்றை உறிஞ்சி, எச்சிலை உள்ளே விட்ட காயம் அது. வெண்டையிலும் கத்தரியிலும் பருத்தியிலும் இதே பூச்சியை நம் விவசாயிகள் சரியாக அடையாளம் காண்கிறார்கள். மருந்துக் கடையில் 'ஜாசிட்' என்று கேட்டு வாங்குகிறார்கள். உருளைக்கிழங்குக்கு வந்தால் மட்டும் அது கருகல் நோயாகிவிடுகிறது.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று தெரிகிறது. நமக்கு உருளைக்கிழங்குப் பாடம் நீலகிரியிலிருந்து வந்தது. அங்கே கார்போகத்தில் மழையும் பனிமூட்டமும் சேர்ந்தால் பின்பருவக் கருகல் ஒரு வாரத்தில் தோட்டத்தையே முடித்துவிடும். அதனால் இலை நிறம் மாறினாலே மேன்கோசெப் பூஞ்சாணக்கொல்லி என்பது மலையில் நியாயமான பழக்கம். தத்துப்பூச்சிக்கு வேண்டியது நேர் எதிரான காலநிலை, அதாவது வெப்பமும் வறட்சியும். மலைப் பழக்கத்தைச் சமவெளிக்கும் மேட்டு நிலத்துக்கும் அப்படியே இறக்கியதில்தான் இத்தனை பணமும் மருந்தும் வீணாகின்றன.

ஆகவே பொறுமையாக ஒரு முறை சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்பருவக் கருகலில் முதலில் தெரிவது நீர் கோத்த கரும்பச்சைத் திட்டு. அது இலையின் நுனியிலோ ஓரத்திலோ தொடங்கலாம், நடுவிலும் வரலாம். ஈரமான காலையில் இலையைத் திருப்பினால் திட்டின் விளிம்பில் வெள்ளைப் பூசணம் தெரியும். தண்டிலும் காம்பிலும் கரும்பழுப்புப் பட்டை விழும். நோய் முற்றிய வயலுக்குள் நுழைந்தாலே அழுகல் நாற்றம் அடிக்கும். இரவு குளிராகவும் இலை மணிக்கணக்கில் ஈரமாகவும் இருந்தால்தான் இது பரவும். முன்பருவக் கருகல் வேறு. அதில் அடியிலைகளில் வட்டத்துக்குள் வட்டமாகப் பழுப்புப் புள்ளிகள் விழும், புள்ளியைச் சுற்றி மஞ்சள் இருக்கும். சாம்பல் சத்து (பொட்டாஷ்) குறைவிலும் ஓரம் காயும். ஆனால் அதுவும் அடியிலையிலிருந்துதான் தொடங்கும், இலை வெண்கல நிறத்துக்கு மாறும், வயல் முழுக்க ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும்.

தத்துப்பூச்சிக் காயத்தில் இலை நுனி முதலில் வெளிறி, உள்நோக்கிக் கூர்ந்த ஒரு மஞ்சள் முக்கோணமாகும். பிறகு ஓரம் பழுப்பாகும், சுருளும், மொரமொரவென்று காயும். நடு நரம்பை ஒட்டிய பகுதி மட்டும் பச்சையாக நிற்கும். பூசணமோ நாற்றமோ இருக்காது, தண்டும் தெளிவாக இருக்கும். பெரும்பாலும் வயலின் ஓரத்தில், அதுவும் பக்கத்து வெண்டையோ கத்தரியோ இருக்கும் பக்கமாக, திட்டுத் திட்டாகத் தொடங்கி உள்ளே நகரும். மழை பெய்து பத்து நாளாகிவிட்டது, பகலில் நல்ல வெயில், இலையில் பனி ஈரம்கூட இல்லை என்றால் பின்பருவக் கருகலைச் சந்தேகிக்கவே காரணம் இல்லை.

இவ்வளவும் குழப்பமாக இருந்தால் ஒன்றே ஒன்றைச் செய்யுங்கள். காலையில் சீக்கிரம் போய், ஓரம் வெளிறத் தொடங்கிய இலையை மெதுவாகத் திருப்புங்கள். முழுக்கக் காய்ந்த இலை வேண்டாம், அதில் பூச்சி இருக்காது. சாறில்லாத இடத்தில் அதற்கு என்ன வேலை? அடிப்பக்கம் நரம்பை ஒட்டி வெளிர்பச்சையில், இறக்கையில்லாத குஞ்சுகள் இருக்கும். விரலை நீட்டினால் நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடும். இந்த ஓட்டத்தைப் பார்த்துவிட்டால் வேறு சாட்சி வேண்டாம். வளர்ந்த பூச்சி மூன்று மில்லிமீட்டர்கூட இருக்காது. பின்பக்கம் கூம்பிய உடல், முன்னிறக்கை நுனியருகே பக்கத்துக்கு ஒரு கரும்புள்ளி. செடியை அசைத்தால் குதித்துப் பறந்துவிடும். அதனால்தான் படத்தில் பூச்சி தெரிவதில்லை. எனக்குப் படம் அனுப்புகிறவர்கள் இலையின் மேல்பக்கத்தை அனுப்பாதீர்கள். அடிப்பக்கத்தை அனுப்புங்கள்.

தப்பான கணிப்பால் போவது மருந்துச் செலவு மட்டும் இல்லை. "செடி வெளிறுது" என்று ஒருவர் யூரியா போடுகிறார். தழைச்சத்து கூடிய இளந்தளிரைத்தான் தத்துப்பூச்சி தேடி வரும். இன்னொருவர் "காயுது" என்று தண்ணீரைக் கூட்டுகிறார், பாரின் அடியில் கிழங்கு அழுகுகிறது. அதற்குள் இரண்டு வாரம் ஓடிவிடும். கிழங்கு பிடித்துப் பெருக்கும் முப்பதாம் நாளுக்கும் அறுபதாம் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தில் இலை போனால் கிழங்கு கோலிக்குண்டு அளவில் நின்றுவிடும். ஓரம் பழுப்பாகும் முன்பே விளைச்சல் இழப்பு தொடங்கிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். காய்ந்த பகுதி எந்த மருந்துக்கும் மறுபடி பச்சையாகாது. மருந்து அடித்தபின் புதிதாக வரும் இலை சுத்தமாக வருகிறதா என்பதுதான் கணக்கு. "அடிச்சும் இலை மாறலையே" என்று மூன்றாம் நாள் மறுபடி அடிக்காதீர்கள்.

முளைத்து மூன்று வாரம் ஆனதிலிருந்து வாரம் ஒரு முறையாவது எண்ணிப் பாருங்கள். வயலில் ஐந்து இடம், இடத்துக்குப் பத்துச் செடி, செடிக்கு நடுப்பகுதியில் ஓர் இலை. மொத்தம் 50 இலை. குஞ்சுகளை மட்டும் எண்ணினால் போதும். பருத்தியில் 50 இலைக்கு 50 பூச்சி வரை பொறுக்கலாம் என்பது நம் ஊர்க் கணக்கு. அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் உருளைக்கிழங்கைத் தாக்கும் தத்துப்பூச்சி வேறு இனம். அங்கே 100 இலைக்கு 10 குஞ்சு வந்தாலே நடவடிக்கை. உருளைக்கிழங்கு பருத்தியளவு தாங்காது. கிழங்கு பெருக்கும் பருவத்தில் 50 இலைக்கு 20 குஞ்சைத் தாண்டினால் காத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து. அதற்குக் கீழே இருந்தால் தெளிப்பானை எடுக்காதீர்கள். பலத்த மழை ஒன்று பெய்தால் குஞ்சுகளில் பெரும்பங்கு அடித்துக்கொண்டு போய்விடும்.

மஞ்சள் ஒட்டும் அட்டை வைப்பவர்கள் ஏக்கருக்கு ஐந்தாறு வைத்து, செடியின் உயரத்துக்கே கட்டுங்கள். ஆளுயரக் குச்சியில் பறக்கும் அட்டையில் தத்துப்பூச்சி விழாது. அட்டை பூச்சியை ஒழிக்காது, எப்போது வந்தது என்று சொல்லும். அட்டையில் விழத் தொடங்கிய நாளிலிருந்து இலையைத் திருப்பத் தொடங்குங்கள்.

நடவுக்கு முன்பே செய்யக்கூடியது நிறைய உண்டு. பக்கத்தில் முடியும் தறுவாயில் வெண்டையோ கத்தரியோ இருந்தால், அது காயக் காய அதிலுள்ள பூச்சியெல்லாம் உங்கள் இளஞ்செடிக்குத்தான் வரும். காய்ப்பு முடிந்த வெண்டையை வயலில் நிற்கவிடாமல், உருளை முளைக்கும் முன்பே பிடுங்கி அழித்துவிடுங்கள். பக்கத்து வயல்காரரிடமும் பேசுங்கள். தழைச்சத்தை ஒரேயடியாகக் கொட்டாமல் பாதியை அடியுரமாகவும், மீதியை மண் அணைக்கும்போதும் கொடுங்கள். வெப்பம் கூடிய பருவத்தில்தான் நட்டாக வேண்டும் என்றால் குஃப்ரி சூர்யா விதை கிடைக்கிறதா பாருங்கள். சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனத்தின் ரகம், 2006-இல் வெளிவந்தது. வெப்பத்தையும் தத்துப்பூச்சிக் காயத்தையும் தாங்கும்.

விதைக்கிழங்கை நடவுக்கு முன் 10 லிட்டர் தண்ணீருக்கு 4 மில்லி இமிடாகுளோபிரிட் 17.8 எஸ்எல் என்னும் பூச்சிக்கொல்லி கலந்த கரைசலில் 10 நிமிடம் நனைத்து நிழலில் உலர்த்தி நட்டால் இளம்பருவத்துக்குக் காப்பு உண்டு. கையுறை இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். நனைத்தபின் மிஞ்சிய கிழங்கை ஆளோ மாடோ தின்னக் கூடாது. பழைய கையேடுகளில் நடவின்போதும் மண் அணைக்கும்போதும் போரேட் என்னும் பூச்சிக்கொல்லிக் குருணை போடச் சொல்லியிருக்கும். போரேட் 2020 இறுதியோடு நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. யார் வீட்டிலாவது மிச்சம் இருக்கிறது என்பதற்காக அதை வயலில் போடாதீர்கள். காய்கறிப் பயிரில் மோனோகுரோட்டோபாஸும் கூடாது.

எண்ணிக்கை குறைவாக ஏறும்போது ஐந்து சத வேப்பங்கொட்டைக் கரைசலே போதுமானது. 100 லிட்டருக்கு 5 கிலோ பருப்பு. இடித்து, 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, பால் நிறம் வரும்வரை கலக்கி, இரட்டை மடிப்புத் துணியில் வடிகட்டி, 100 லிட்டராக்கி, காதி சோப்பு 200 கிராம் கரைத்துச் சேர்க்க வேண்டும். பருப்பு எட்டு மாதத்துக்கு மேல் பழையதாக இருந்தால் வேலை செய்யாது. "வேப்பம் வேலை செய்யலை" என்று சொல்பவர்களில் பலர் அடித்தது பழைய பருப்பு, அல்லது உச்சி வெயிலில் அடித்தது. சாயங்காலம் அடியுங்கள்.

ரசாயனம்தான் வேண்டும் என்ற நிலையில் தயாமீதாக்சம் 25 டபிள்யூஜி ஒரு வழி. உருளைக்கிழங்கில் அசுவினிக்குப் பதிவான மருந்து, தத்துப்பூச்சியையும் பிடிக்கும். ஹெக்டேருக்கு 100 கிராம், அதாவது ஏக்கருக்கு 40 கிராம், 200 லிட்டர் தண்ணீரில். விதைக்கு இமிடாகுளோபிரிட் போட்டவர்கள் முதல் தெளிப்பில் இதைத் தவிருங்கள். இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சம், அசிட்டாமிபிரிட் மூன்றும் ஒரே குடும்பம். பெயரும் கம்பெனியும் டப்பாவின் நிறமும் மாறினாலும் பூச்சிக்கு அது ஒரே மருந்துதான். பருத்தியில் இந்தக் குடும்பத்துக்கு எதிர்ப்புச் சக்தி பெற்ற அதே பூச்சிதான் உங்கள் வயலுக்கும் வருகிறது. கடையில் "வேற மருந்து" என்று கேட்காமல் "வேற குரூப்" என்று கேளுங்கள். ஒட்டுச்சீட்டில் உருளைக்கிழங்கின் பெயர் இருக்கிறதா என்றும், அறுவடைக்கு எத்தனை நாள் முன் நிறுத்த வேண்டும் என்றும் படித்துவிட்டு வாங்குங்கள்.

மருந்து சரியாக இருந்தும் பலிக்காததற்கு முதல் காரணம் தண்ணீர் அளவு. 16 லிட்டர் பேட்டரி ஸ்ப்ரேயரில் 200 லிட்டர் என்றால் பன்னிரண்டரை டேங்க், டேங்குக்கு 3.2 கிராம். ஏக்கருக்கு ஆறு டேங்கில் முடித்துவிட்டு மருந்தைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. பூச்சி இருப்பது அடிப்பக்கம், மருந்து விழுவது மேல்பக்கம். கூம்பு நாசிலைப் போட்டு, தெளிப்புக் குழாயின் முனையைச் செடியின் இடுப்புக்குக் கீழே கொண்டுபோய் மேல்நோக்கி அடியுங்கள். முதல் பார் முடிந்ததும் நின்று, நாலு இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் நனையவில்லை என்றால் நடையை மெதுவாக்குங்கள். முட்டை இலை நரம்புக்குள் செருகப்பட்டிருப்பதால் எந்தத் தெளிப்பிலும் தப்பிப் பிறகு பொரிக்கும். ஏழெட்டு நாள் கழித்து மறுபடி எண்ணிப் பார்த்துத்தான் இரண்டாவது தெளிப்பை முடிவு செய்ய வேண்டும்.

சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி கலந்த மருந்துகளை இந்தப் பூச்சிக்கு எடுக்கவே வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். சைபர்மெத்ரின் அடித்த அன்று பூச்சி செத்து விழும், மனசுக்குத் திருப்தியாக இருக்கும். கூடவே சிலந்தி, பொறிவண்டு, கண்ணாடி இறக்கைப்பூச்சி, முட்டையைத் தின்னும் குட்டிக் குளவி எல்லாம் போய்விடும். இரண்டு வாரத்தில் தத்துப்பூச்சி திரும்ப வரும், இந்த முறை சிலந்திப்பேனோடு. கொழுந்து இலை சிறுத்து, அடிப்பக்கம் எண்ணெய் தடவியது போல மினுமினுத்துச் செம்பு நிறமானால் அது சிலந்திப்பேன். அதற்குத் தயாமீதாக்சம் பலிக்காது. நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், வெயில் தணிந்தபிறகு.

எழுபத்தைந்து நாளைத் தாண்டிய பயிரில் ஓரம் காய்ந்தால் விட்டுவிடுங்கள். கிழங்கு பெருத்து முடிந்திருக்கும், அப்போது அடிப்பது வீண்.

அடுத்த பருவத்துக்குச் சொந்த விதை எடுப்பவர்கள் மட்டும் கூடுதலாக ஒன்று செய்ய வேண்டும். வேறு சில தத்துப்பூச்சி இனங்கள் பைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரியைப் பரப்பும். கொழுந்திலை ஊதாவாகி அடியில் சுருளும், அல்லது ஒரே இடத்திலிருந்து துடைப்பக்கட்டை போலக் குச்சி குச்சியாகத் தண்டு கிளம்பும். அந்த நோய் கிழங்கு வழியாக அடுத்த பயிருக்குப் போகும். கொடியை அறுத்தபின் எந்தக் கிழங்கு எந்தச் செடியுடையது என்று சொல்ல முடியாது. ஆகவே ஐம்பது, அறுபதாம் நாளில் வயலைச் சுற்றி வந்து, அப்படிப்பட்ட செடிகளைக் கிழங்கோடு தோண்டி எடுத்து வெளியே போட்டு அழித்துவிடுங்கள்.