குளுக்கோஸ் பாட்டிலில் உப்பு எவ்வளவு?

நீலகிரியில் கேத்தி பக்கம் விளைந்த கேரட் ஒன்றை நீளவாக்கில் நறுக்கி, ஒரு துண்டைப் பச்சைத் தண்ணீரிலும் இன்னொன்றை நல்ல உப்புத் தண்ணீரிலும் இரவு போட்டு வையுங்கள். காலையில் முதல் துண்டு விறைத்து நிற்கும். வளைத்தால் டக்கென ஒடியும். மற்றது துவண்டு விரலில் சுற்றிக்கொள்ளும். உப்பு எங்கே கூடுதலோ, தண்ணீர் அங்கே போகும்.

குன்னூரிலோ ஊட்டியிலோ, குடல்வால் ஆபரேஷன் முடிந்த பிள்ளைக்குக் கையில் ஏறுவதைக் ‘குளுக்கோஸ்’ என்றுதான் சொல்கிறோம். அதிலுள்ள சர்க்கரையை உடல் எரித்துவிடும். மிஞ்சுவது தண்ணீரும் உப்பும். அந்த உப்பின் அளவில்தான் பிள்ளையின் பாதுகாப்பு இருக்கிறது.

உப்பில் இருக்கும் சோடியம், ரத்தத்தில் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் (அதை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். நார்மல் சலைன் என்ற உப்புத் திரவத்தில் 154; அதாவது லிட்டருக்கு 9 கிராம் உப்பு. ஆனால் பல காலம் குழந்தைகளுக்கு ஏற்றியது இதில் ஐந்தில் ஒரு பங்கு உப்புள்ள திரவம். 1957-இல் ஹாலிடே, சேகர் என்ற இரு மருத்துவர்கள் ஒரு கணக்குத் தந்தார்கள்: எடையில் முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மில்லி, அடுத்த 10 கிலோவுக்கு 50, அதற்கு மேல் 20. 14 கிலோ பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 1,200 மில்லி. இந்தத் தண்ணீர்க் கணக்கு இன்றும் புழக்கத்தில் உண்டு. உப்பை மட்டும் அவர்கள் பாலில் உள்ள அளவை ஒட்டிக் குறைவாக வைத்தார்கள். ஆரோக்கியமான பிள்ளைக்கு அது போதும், மிகுதித் தண்ணீரைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும்.

ஆபரேஷன் ஆன உடம்பு அப்படி இல்லை. வலி, குமட்டல், மயக்க மருந்து எல்லாம் சேர்ந்து மூளையிலிருந்து வாசோப்ரஸின் என்ற ஹார்மோனைச் சுரக்க வைக்கின்றன. ‘தண்ணீரை விடாதே’ என்பதுதான் சிறுநீரகத்துக்கு அது இடும் கட்டளை. சிறுநீர் குறைந்து, மஞ்சளாகிறது. “ஏனுங்க சிஸ்டர், பையன் ஒன்னுக்கே போகல, இன்னொரு பாட்டில் போடுங்க” என்று பாட்டி தவிப்பது பாசத்தில்தான். சில நேரம் உண்மையிலேயே நீர் வற்றியிருக்கலாம்; அதை மருத்துவர் சோதித்துத்தான் சொல்ல முடியும். வெளியேற வழியில்லாத உடம்பில் உப்புக் குறைந்த பாட்டிலை மேலும் ஏற்றினால், ரத்தம் நீர்த்து, தண்ணீர் செல்களுக்குள் புகும்.

கேரட் செல்லைச் சுற்றி உறுதியான சுவர் உண்டு. மூளைச் செல்லுக்கு அது கிடையாது, வீங்கும். மண்டையோடு விரிந்து கொடுக்காது. குழந்தைகளுக்கு உள்ளே இருக்கும் இடைவெளியும் பெரியவர்களைவிடக் குறைவு. முதலில் தலைவலி, வாந்தி, பிறகு மந்தம், வலிப்பு. தலைவலியும் வாந்தியும் ஆபரேஷனுக்குப் பிறகு சாதாரணமாகவே வரும் என்பதால் ஏமாந்துவிடுகிறோம். எனக்கு இதில் அதிகம் பயம் தருவது இதுதான்.

2018-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், 28 நாள் முதல் 18 வயது வரையானவர்களுக்கு, ரத்தத்துக்கு ஈடான சோடியம் உள்ள திரவத்தையே வழக்கமாக ஏற்றச் சொன்னது. இதயம், சிறுநீரகம், ஈரல் நோயுள்ள பிள்ளைகளுக்குக் கணக்கு வேறு.

மலைக் குளிருக்குப் போர்த்திக்கொண்டு பிள்ளை அசந்து தூங்குகிறது என்று விட்டுவிடாதீர்கள். பெயர் சொல்லி எழுப்பிப் பாருங்கள். சரியாகப் பதில் வரவில்லை என்றால் உடனே சிஸ்டரைக் கூப்பிட்டு, சோடியம் பார்த்தார்களா என்று கேளுங்கள்.