பழைய கட்டிலும் புதிய பவளமும்

பழைய கட்டிலை விலைக்கு வாங்குகிறவர், அதை வீட்டுக்குள் தூக்கி வருவதற்கு முன்பு சந்துபொந்துகளில் மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பார். வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்க்கிறவர்களில் பலருக்கு இந்த எச்சரிக்கை வருவதில்லை. உப்பு சரியா, சூடு சரியா என்று தண்ணீரையே அளந்துகொண்டிருக்கிறார்கள். தொட்டியைக் குலைக்கிற தொல்லையோ பவளத் துண்டு ஒட்டப்பட்ட சிமெண்ட் பொத்தானின் அடியில் ஒளிந்து வருகிறது. வளர்ப்பவர்கள் அந்தப் பொத்தானை ‘பிளக்’ என்பார்கள்.

முதலில் ஒரு சட்டச் செய்தி. இந்தியாவில் கல்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் ஒரு துண்டை உடைத்து எடுத்து வந்தால் குற்றம். இங்கே பேசுவது, பண்ணையில் வளர்த்த பவளத்தை முறையாக விற்கும் நாடுகளைப் பற்றி.

தண்ணீர் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். உடலின் உப்பைத் தானே சீர்செய்துகொள்ளும் உறுப்பு பவளத்துக்குக் கிடையாது. சுற்றியுள்ள நீரின் உப்புதான் அதன் உடலின் உப்பு. அதனால் திடீர் மாற்றம் ஆகாது. பவளம் நீரோடு வந்த பையைத் தொட்டியில் இருபது நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு தொட்டி நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அரை மணி நேரத்தில் முடித்துவிட வேண்டும். நல்லது செய்வதாக நினைத்து மூன்று மணி நேரம் சொட்டுநீர் விடுகிறவர்கள் உண்டு. தொலைவிலிருந்து வரும் பையில் கரியமில வாயு சேர்ந்து நீரின் காரத்தன்மை குறைந்திருக்கும். கழிவிலிருந்து வரும் அம்மோனியா அந்த நிலையில் அவ்வளவாகத் தீங்கு செய்யாது. பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், காரத்தன்மை ஏறும், அடங்கிக் கிடந்த அம்மோனியா நஞ்சாக மாறும். பை நீரைத் தொட்டியில் ஊற்றவும் கூடாது.

அடுத்தது குளியல். ஒரு கிண்ணத்தில் தொட்டி நீரை எடுத்து, அயோடின் அல்லது தாவர எண்ணெய் கலந்த மருந்தைச் சீட்டில் சொன்ன அளவு விட்டு, பவளத்தை அதில் சில நிமிடம் வைக்க வேண்டும். இடையிடையே ரப்பர் குமிழ்க் குழாயால் நீரைப் பீய்ச்சினால் கிண்ணத்தின் அடியில் எதெது உதிர்கிறது என்று தெரியும். அக்ரோபோரா பவளத்தைத் தின்னும் தட்டைப்புழு, பவளத்தின் மீது இருக்கும்போது கண்ணில் படவே படாது. தின்ற பவளத்தின் திசுவில் இருந்த நுண்பாசியை வயிற்றில் வைத்துக்கொண்டு அதே நிறத்தில் படுத்திருக்கும். கிளையில் வட்ட வட்டமாக வெளிறிய கடிதடங்கள்தான் அதன் கையெழுத்து. குளியலில் பிடி விட்டு, சுருண்டு கீழே விழும்.

விழுந்தவுடன் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். கிளையின் அடிப்புறத்தில் தோல் போய் எலும்பு தெரியும் இடத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள்: பழுப்பு நிற முட்டைகள் கொத்தாக ஒட்டியிருக்கலாம். மருந்து அந்த ஓட்டுக்குள் போகாது. வாரக்கணக்கில் முட்டைகள் பொரிந்துகொண்டே இருக்கும். ஆகவே பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, துண்டைத் தனித்தொட்டியில் ஒரு மாதத்துக்கு மேல் வைத்து, வாரம் ஒருமுறை குளிப்பாட்டுவதுதான் வழி. மீன்களுக்கு வெண்புள்ளி நோய் தரும் ஒட்டுண்ணியின் கூடும் பிளக்கில் ஒட்டி வரும் என்பதால், அந்தத் தனித்தொட்டியில் மீன் இருக்கக் கூடாது.

ஐப்டேசியா என்னும் களை அனிமோன் ஒட்டியிருந்தால் கத்தியால் சுரண்டாதீர்கள். விட்டுப்போன சிறு துணுக்கிலிருந்தும் முழு உயிர் முளைக்கும். பொத்தான் பவளங்கள் எனப்படும் ஸோவாந்திட்களைத் தொடும்போது கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் கட்டாயம். சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. அவை ஒட்டிய கல்லைச் சுத்தம் செய்வதாகக் கொதிக்க வைத்து, ஆவியைச் சுவாசித்த குடும்பங்கள் மருத்துவமனைக்குப் போயிருக்கின்றன.

பவளத்தைத் தொட்டிக்குள் இறக்கிய பிறகு, அதன் அழகைக் காண விளக்கை முழு அளவில் எரியவிடுவது பெரிய தவறு. பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகள் வெளிச்சத்தில் சமைத்துத் தரும் உணவில்தான் அதன் பிழைப்பு பெரும்பாலும் நடக்கிறது. மங்கிய ஒளியில் இருந்த பாசி நிறமியை நிறையச் சேர்த்து வைத்திருக்கும். திடீரென்று கடும் ஒளி பட்டால் உலையில் விறகு அதிகமானதுபோல் ஒளிச்சேர்க்கை கட்டுமீறி, செல்லைச் சிதைக்கும் ஆக்சிஜன் வகைகள் உருவாகின்றன. பவளம் பாசியை வெளியேற்றி வெளுத்துப்போகும். 2016இல் மன்னார் வளைகுடாவில் கடல் சூடேறியபோது பவளங்கள் வெளுத்ததும் இதே வழியில்தான். தொட்டியின் அடிமட்டத்தில் வைத்து, மூன்று நான்கு வாரங்களில் படிப்படியாக மேலே ஏற்றினால் பாசி தன் நிறமியைக் குறைத்துக்கொள்ளும்.

நிரந்தர இடத்தைப் பகலில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கேலக்ஸியா போன்ற பவளங்கள் இரவில் கொட்டும் இழைகளை ஒரு சாண் தூரத்துக்கும் நீட்டி, பக்கத்துப் பவளத்தைச் சுட்டுவிடும். விளக்கு அணைந்து இரண்டு மணி நேரம் கழித்துச் சிவப்பு டார்ச் அடித்துப் பார்த்தால், பகலில் பூச்செண்டுபோல் இருந்ததன் கை எதுவரை எட்டுகிறது என்று தெரியும்.