பழைய காருக்கு டிஸ்க் பிரேக்: கெலிப்பர் வாங்குவதற்கு முன்

2020இலிருந்து 2025 வரை வாகன இறக்குமதி நின்றிருந்த காலத்தில் மலையகத்தில் பழைய கார்களுக்கு மவுசு ஏறிவிட்டது. துரையிடமிருந்து பெரிய கிளாக்கர் வாங்கி, பிறகு அவர் பிள்ளைகள் கைக்கு வந்து, தகரக் கொட்டகையில் கோழி அடைந்து கிடந்த மொரிஸ் மைனர்களும் ஒஸ்டின் கேம்பிரிட்ஜ்களும் மறுபடி பெயின்ட் அடித்துக்கொண்டு ரோட்டுக்கு வந்திருக்கின்றன. கராஜுக்கு வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி. “அண்ணே, முன்னுக்கு டிஸ்க் பிரேக் மாத்திடுவோமா?” சிலர் கேட்கும்போதே கொழும்பு பஞ்சிகாவத்தைப் பாகக் கடையில் வாங்கிய ஜப்பான் கெலிப்பர் (சுழலும் டிஸ்க்கை இரு பக்கமும் பேட்டால் கவ்விப் பிடிக்கும் பாகம்) இரண்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைப்பார்கள்.

மாற்றலாம். நல்ல வேலைதான். ஆனால் கெலிப்பரை முதலில் வாங்கிவிட்டு மற்றதையெல்லாம் அதற்கேற்ப வெட்டி ஒட்டுவது தலைகீழான வழி. பொருந்தாத பாகத்தை யாரும் பூட்டமாட்டார்கள். கிட்டத்தட்டப் பொருந்துகிற பாகத்துக்குத்தான் நான் பயப்படுவேன்.

முதலில், டிஸ்க் என்ன தரும் என்று பார்ப்போம். டிஸ்க் போட்டால் கார் டக்கென்று நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். சமதரையில், பிரேக் சூடாகாத நேரத்தில், ஒழுங்காகச் செட் பண்ணிய பழைய டிரம் பிரேக்கே (சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் உட்பக்கத்தில் ஷூ உரசி நிறுத்துவது) சக்கரத்தை லொக் பண்ணிவிடும். அதற்கு மேல் நிறுத்துவது டயரின் கையில். டிஸ்க்கின் லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. சூடேறினாலும் பிடி அவ்வளவு சீக்கிரம் குறையாது, தண்ணீர் பட்டால் உடனே காய்ந்துவிடும், இடது வலது ஒரே அளவாகப் பிடிக்கும். நம் ஊருக்கு அதில் முதலாவதுதான் முக்கியம்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. லபுக்கலை, இறம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்குப் போய்ச் சேரும்போது ஏறத்தாழ 1,400 மீற்றர் இறங்கியிருப்போம். நாலு பேரும் மூட்டை முடிச்சும் ஏறிய மொரிஸ் மைனர் 1,100 கிலோ வரும். அந்த எடை அவ்வளவு உயரம் இறங்கினால் வெளிவரும் சக்தி 15 மெகாஜூல். 45 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். எஞ்சின், காற்று, டயர் எல்லாம் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். பெற்றோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு வருகிறவருக்கு எஞ்சினின் பங்கு கிடையாது. அதுவும் பிரேக்கின் தலையில் விழும். டிரம்முக்குள் அந்தச் சூடு அடைபடுகிறது. டிரம் விரிந்து, ஷூவில் ஒட்டியிருக்கும் உரசுபட்டையான லைனரை விட்டு விலகும், பெடல் கீழே போகும், லைனரும் பிடி இழக்கும். ஏப்ரல் சீசனில் மகாகஸ்தோட்டையில் ரேஸ் வைக்கிறார்களே, அது மலை ஏறுவதற்கு. இறங்குவதற்கு ஒரு போட்டி வைத்தால் யார் காரில் என்ன பிரேக் இருக்கிறதென்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

எல்லோருக்கும் டிஸ்க் தேவையா என்றால், இல்லை. மைனரில் 1962க்கு முந்திய வண்டிகளுக்கு முன்னால் 7 அங்குல டிரம். 1098 சிசி எஞ்சின் வந்தபோது கம்பனியே அதை 8 அங்குலம் ஆக்கியது. கோயிலுக்கும் கலியாணத்துக்கும் மட்டும் காரை எடுக்கிறவர் 8 அங்குல டிரம், நல்ல லைனர், புது ஹோஸ், புது சிலிண்டர் சீல் போட்டு, இறக்கத்தில் இரண்டாவது கியரில் வந்தால் போதும். அந்தக் காரின் முதல் கியருக்கு சிங்ரோ (ஓடும்போது கியர் இடறாமல் விழ உதவும் பாகம்) கிடையாது, ஓடும்போது முதல் கியருக்கு இறக்குவது பெரும்பாடு. ஆகவே கியரை இறக்கத்தின் தலையிலேயே போட்டுக்கொள்ள வேண்டும். கோளாறுள்ள டிரம்மைச் சரிபார்க்காமல் டிஸ்க்குக்குத் தாவினால் அதே கோளாறு பின்சக்கரத்தில் உங்களோடேயே வரும். டிரம்மைக் கழற்றும்போது இன்னொன்று: பழைய லைனர் தூசியில் அஸ்பெஸ்டோஸ் இருக்கலாம். கம்ப்ரசர் காற்றால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

வாரத்துக்கு இரண்டு தரம் ஹட்டனிலிருந்து கினிகத்தேனைக்கு இறங்குகிறீர்கள், அல்லது எல்ல – வெல்லவாய இறக்கம் உங்கள் அன்றாடப் பாதை என்றால், சரி, டிஸ்க் போடுவோம். அப்போது தெரிவு தொடங்க வேண்டிய இடம், பெடலை மிதிக்கும்போது பிரேக் ஒயிலைக் குழாய்களுக்குள் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர்.

மைனரின் முன் டிரம்மில் சக்கரத்துக்கு இரண்டு சிலிண்டர், இரண்டுமே லீடிங் ஷூ. கார் முன்னோக்கிப் போகும்போது ஷூவை டிரம்மே உள்ளே இழுத்து அழுத்திக்கொள்ளும், ஓட்டுகிறவரின் காலுக்கு அது இனாம். பின்னோக்கி உருளும்போது அந்த இனாம் இல்லை. மேட்டில் கார் பின்னால் நழுவும்போது பிரேக் பிடிக்காதது மாதிரித் தோன்றுவதற்குக் காரணம் அதுதான். டிஸ்க்கில் இந்த இழுப்பு எந்தத் திசையிலும் கிடையாது. அதை ஈடுகட்டக் கெலிப்பர் பிஸ்டன் பெரிதாக இருக்க வேண்டும். பிஸ்டன் பெரிதானால் ஒயில் கூடுதலாகத் தேவை, பெடல் ஆழமாகப் போகும். ஆழத்தைக் குறைக்கப் பெரிய மாஸ்டர் சிலிண்டர் போட்டால் பெடல் இறுகும். முக்கால் அங்குலத்திலிருந்து 7/8க்கு மாறினால் அதே பிடிக்கு 36 வீதம் கூடுதலாக மிதிக்க வேண்டும். 7/8இலிருந்து ஒரு அங்குலத்துக்குப் போனால் 31 வீதம். டிஸ்க் மாற்றும் பாகங்களைக் கிட்டாக விற்கிறவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “இந்தக் கெலிப்பர் எத்தனை அங்குல மாஸ்டர் சிலிண்டருக்குக் கணக்குப் போட்டது?” என்பதுதான். “எல்லாத்துக்கும் சரிவரும் ஐயா” என்று பதில் வந்தால் பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

மைனரில் இன்னொரு சிக்கல். மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுகிறவரின் காலடியில், தரைக்குக் கீழே செசிக்குள் இருக்கிறது. கெலிப்பரை விட அது தாழ்வு. டிரம் பிரேக்கில் லைனுக்குள் எப்போதும் ஏறத்தாழ 10 பிஎஸ்ஐ அழுத்தம் வைத்திருக்க மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு சிறு வால்வு உண்டு. டிஸ்க் போட்டபின் அந்த வால்வை அப்படியே விட்டால் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும், ஹட்டன் டவுன் தாண்டுவதற்குள் வாசம் வரும். அதைக் கழற்றிவிட்டு ஒன்றும் போடாமல் விட்டால் ஒயில் பின்வாங்கும், காலையில் முதல் மிதிக்குப் பெடல் பாதாளத்துக்குப் போகும். முன் லைனுக்கு 2 பிஎஸ்ஐ வால்வு, பின் டிரம்முக்கு 10 பிஎஸ்ஐ வால்வு என்று தனித்தனியாகப் பூட்ட வேண்டும். வொக்ஸ்வாகன் பீட்டிலில் ஒயில் டப்பா மேலே இருப்பதால் முன்பக்கத்துக்கு இந்தத் தலைவலி இல்லை. 1966இல் வந்த பீட்டில் 1500க்குக் கம்பனியே முன் டிஸ்க் போட்டதால் அந்தக் காருக்கு ஒரிஜினல் பாகக் கணக்கும் கையில் உண்டு.

பெடல் இறுகிவிட்டதென்று, மிதிக்கிற காலுக்கு உதவும் சர்வோ போடுவார்கள். சர்வோ வேலை செய்வது வெளிக்காற்றின் அழுத்தத்தால். நுவரெலியாவில் அந்த அழுத்தம் கொழும்பில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சர்வோவின் உதவியும் அந்த அளவுக்காவது குறையும். கொழும்பில் ஓட்டிப் பார்த்து “பெடல் மிதிக்கப் பஞ்சு மாதிரி லேசு” என்று சொல்லி விற்ற காரைப் பீதுருதாலகாலை அடிவாரத்தில் மிதித்துப் பார்த்தால்தான் தெரியும். எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினால் இரண்டு மூன்று மிதியோடு அந்த உதவியும் தீர்ந்துவிடும்.

அதோடு, சர்வோ முன்னுக்கும் பின்னுக்கும் சேர்த்து அழுத்தத்தை ஏற்றினால் பின் டிரம் முந்திக்கொண்டு லொக் ஆகும். பனியில் நனைந்த ரோட்டில், வளைவில், பின்சக்கரம் முதலில் லொக் ஆனால் கார் திரும்பி வந்த வழியைப் பார்க்கும். சர்வோவை முன் லைனுக்கு மட்டும் கொடுப்பது, பின்னால் சின்ன வீல் சிலிண்டர் போடுவது, பின் லைனில் அழுத்தம் குறைக்கும் வால்வு வைப்பது என்று வழிகள் உண்டு. எதைச் செய்தாலும் ஆளில்லாத ஈரமான சமதரையில் மிதித்துப் பார்த்து, முன்சக்கரம்தான் முதலில் லொக் ஆகிறது என்று வெளியில் நிற்கிற ஒருவர் கண்ணால் கண்டு சொல்ல வேண்டும்.

இனி அந்தக் கிட்டத்தட்டக் கணக்கு. பழைய பிரித்தானியக் கார்களின் பிரேக் குழாய் நட் 3/8 அங்குல யுஎன்எஃப் புரி, விட்டம் 9.5 மில்லிமீற்றர். ஜப்பான் கெலிப்பரின் துளை பெரும்பாலும் 10 மில்லிமீற்றர், 1 மில்லிமீற்றர் புரி. அந்த நட் இந்தத் துளைக்குள் கையாலேயே இறங்கும், ஸ்பானரில் இறுகுவது போலவும் காட்டும். ஒரு அவசர மிதியில் புரி பிய்த்துக்கொண்டு ஒயில் வெளியே பாயும். மைனர் ரிம்மின் நாலு துளை வட்டம் 4 அங்குலம், அதாவது 101.6 மில்லிமீற்றர். சிறிய ஜப்பான் கார்கள் பலவற்றில் அது 100. நட்டை இறுக்கி இழுத்துப் பூட்டிவிடலாம்தான். ஆனால் ஸ்டட் வளைந்தபடி இறுகும், ஓடஓட நட் தளரும். டிஸ்க்கை ஹப்புக்கு ஏற்றபடி லேத்தில் முறையாகத் துளைத்துக் கொண்டுவருவதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை.

கெலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டைப் பழைய தகட்டில் காஸ் கட்டிங் பண்ணி வெல்டிங் வைத்துக் கொடுக்கும் இடங்கள் உண்டு. நிறுத்தும் விசை முழுக்க அந்தத் தகட்டில்தான் வந்து இறங்குகிறது. கனமான ஸ்டீல் தகட்டில் மெசின் பண்ணியது, 8.8க்குக் குறையாத கிரேட் போல்ட், இரண்டும் இல்லாமல் என் கராஜிலிருந்து கார் வெளியே போகாது. கெலிப்பரை இடது வலது மாற்றிப் பூட்டினால் காற்றெடுக்கும் நிப்பிள் கீழே வந்துவிடும். எத்தனை தரம் பிளீட் பண்ணினாலும் காற்று உள்ளே இருக்கும். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி ஹோஸ் எதிலும் உரசவில்லை என்று பாருங்கள். ரிம்முக்கும் கெலிப்பருக்கும் இடம் போதாமல் ஸ்பேசர் வைக்கச் சொன்னால் வேறு கெலிப்பர் தேடுங்கள். துளை போட்ட ஷோ டிஸ்க் இந்த எடைக்குத் தேவையில்லை.

பணம் ஒரு வேலைக்குத்தான் காணும் என்றால் நான் டிஸ்க்கை விட்டுவிட்டு இரட்டை லைன் மாஸ்டர் சிலிண்டரைத்தான் சொல்வேன். அந்தக் காலத்துக் கார்களில் நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன். ஒரு ஹோஸ் வெடித்தால் நாலும் போய்விடும். மிச்சமிருப்பது பின் டிரம்மை இழுக்கும் ஹேண்ட் பிரேக் கேபிள் மட்டும். முன்னால் டிஸ்க் பளபளக்க, பின்னால் அந்தக் கேபிள் துருப்பிடித்து இற்றுக் கிடப்பதை அடிக்கடி பார்க்கிறேன். கோபம்தான் வரும்.

ஒயில் விஷயத்தை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. டொட் 3 ரக பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸில் கொதிக்கும்; ஈரம் உறிஞ்சியபின் 140. டொட் 4க்கு அது 230, 155. நம் மழையிலும் பனியிலும் ஈரம் ஏறத் தனியாக ஒன்றும் செய்ய வேண்டாம். இறக்கத்தில் ஒயில் கொதித்து ஆவியானால் பெடல் தரையைத் தொடும். ஓரமாக நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டு வந்து மிதித்தால் பெடல் மேலே நிற்கும், “நல்லாத்தானே இருக்கு” என்று காரை எடுத்துவிடுவார்கள். டொட் 4 ஊற்றி, இரண்டு வருடத்துக்கு ஒருதரம் முழுதாக மாற்றுங்கள். சிலிக்கோன் வகையான டொட் 5ஐ இதோடு கலக்கவே கூடாது.

காப்புறுதி நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் முதல் நாளே இறம்பொடையில் இறக்கிவிடாதீர்கள். சமதரையில் மிதமான வேகத்திலிருந்து பல தரம் நிறுத்தி, இடையில் ஆறவிட்டு, பேட்டை டிஸ்க்கோடு பழக்க வேண்டும். அப்புறம் பிராக்கெட் போல்ட்டுகளை டோர்க் ஸ்பானரில் திரும்பப் பார்த்துவிட்டு, நுவரெலியாவிலிருந்து நானுஓயா வரை, ரதெல்ல குறுக்குப் பாதையைத் தொடாமல், பெரிய ரோட்டில் மட்டும் இறங்குங்கள். நிறுத்தியவுடன் சூடு பார்க்கும் லேசர் மீற்றரை இரண்டு டிஸ்க்கிலும் காட்டுங்கள், கை வைக்காதீர்கள். ஒரு பக்கம் மற்றதைவிட மிகவும் சூடாக இருந்தால் ஒரு பக்கக் கெலிப்பர் சரியாக வேலை செய்யவில்லை, அல்லது ஹோஸ் உள்ளே அடைத்திருக்கிறது. அப்படியென்றால் மேலும் இறங்காமல் நுவரெலியாவுக்கே திரும்பி ஏறி வந்துவிடுங்கள், ஏற்றத்தில் பிரேக்குக்கு வேலை குறைவு.